அவசரம் இல்லாத மூன்று ஆண்டுகள்

(இதழியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘ஊடகத்துறைக்குத் தயாராவது எப்படி?’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நிருபராகத் தொடங்கி டெஸ்க்கில் ஓய்வு பெற்றவன் நான். வேலைக்கு வந்த பல இளைஞர்களின் முதல் காப்பியைத் திருத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. உங்கள் துறைத் தலைவருக்கு அது உவப்பாக இருக்குமா என்று தெரியாது. ஆனாலும் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

இப்போதெல்லாம் எந்தக் கல்லூரியின் இதழியல் துறைக்குப் போனாலும் முதலில் ஸ்டுடியோவைத்தான் காட்டுகிறார்கள். பச்சைத் திரை, டெலிபிராம்ப்டர், மூன்று கேமரா, ஒரு எடிட்டிங் அறை. ‘எங்கள் மாணவர்கள் வெளியே போன மறுநாளே சேனலில் வேலை பார்க்கலாம்’ என்று பெருமையோடு சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வேலையைச் சேனலே சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடும். கேமரா மாறும், மென்பொருள் மாறும், நீங்கள் முதலாம் ஆண்டில் பழகியது மூன்றாம் ஆண்டில் வழக்கொழிந்திருக்கும். மலிவாகக் கிடைக்கும் ஒன்றுக்காக வாழ்க்கையின் மூன்று ஆண்டுகளைச் செலவிடாதீர்கள். செய்தி அறை கற்றுத் தராத எதுவோ அதைத்தான் இங்கே கற்க வேண்டும். அது எது என்பதுதான் இன்றைய பேச்சு.

பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிப்பது மிகப் பழைய வழக்கமல்ல. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908 செப்டம்பர் 14 அன்று இதழியல் பள்ளி தொடங்கியது. வகுப்பு தொடங்கிய அன்றே மாணவர்களின் நாளிதழும் வெளிவந்தது. கல்லூரிச் செய்திகளை மட்டும் போடும் சுற்றறிக்கை அல்ல அது. ஊர்ச் செய்திகளைத் தாங்கி, ஊரில் ஏற்கெனவே இருந்த பத்திரிகைகளோடு போட்டி போட்ட நாளிதழ். அது இன்றும் வேறு பெயரில் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு நம் ஊரில் பத்திரிகைக்காரர்கள் எங்கே படித்தார்கள்?

பத்திரிகை அலுவலகத்தில்தான். பாரதி 1904இல் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878இல் ‘இந்து’வையும் 1882இல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கியவர்களில் முதன்மையானவர். பாரதிக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்தில் வந்த தந்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்க வேண்டும். எட்டயபுரத்துக் கவிஞருக்கு அது சலிப்பூட்டும் வேலையாக இருந்திருக்கக்கூடும். ஆனால் பிறகு ‘இந்தியா’ இதழில் நாம் பார்க்கும் அவரது உரைநடை அந்த மேசையில்தான் பழகியது என்பது என் எண்ணம். கல்கி ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டவர், திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உட்கார்ந்துதான் தொழில் கற்றார். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியபின், எளிய வாசகருக்கு எப்படி எழுத வேண்டும் என்று தம் நிருபர்களுக்காக ஒரு கையேடே எழுதினார். அலுவலகமே பள்ளியாக இருந்த காலம் அது.

‘அப்படியானால் இந்தத் துறை எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். அந்த அலுவலகம் இன்று இல்லை என்பதுதான் பதில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது செய்தி ஆசிரியர் காப்பியைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்துவார். அதோடு விடமாட்டார், கூப்பிட்டு உட்காரவைத்து ‘யார் சொன்னது இது? நேரில் பார்த்தீரா?’ என்று கேட்பார். பத்திரிகை அச்சுக்குப் போக இரவு வரை நேரம் இருந்தது. எனவே கேட்க முடிந்தது. இன்று நிருபர் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புகிறார். ஐந்தாவது நிமிடம் அது இணையதளத்தில், பத்தாவது நிமிடம் டிக்கரில், அரை மணியில் தம்ப்நெயிலோடு யூடியூபில். டெஸ்க்கில் இருப்பவருக்குப் பிழை திருத்தவே நேரமில்லை. எங்கிருந்து பாடம் நடத்துவது? செய்தி அறை தன் ஆசிரியர் வேலையை ராஜினாமா செய்துவிட்டது. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள உங்கள் துறையை விட்டால் வேறு இடமில்லை.

இங்கே கற்க வேண்டியவற்றில் முதலாவது, ஆவணம் படிப்பது. ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் தகவல் அறிக்கை, நாம் எஃப்.ஐ.ஆர். என்கிறோம். குற்றச் செய்தி எழுதும் நிருபர்களில் பலர் அதை முழுதாகப் படிப்பதில்லை. இன்ஸ்பெக்டரோ ஸ்டேஷன் ஏட்டையாவோ போனில் சொல்வதை எழுதிவிடுகிறார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர, எஃப்.ஐ.ஆர்.களைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, வீட்டில் உட்கார்ந்தே எடுக்கலாம்.

எடுத்ததும் நேராகக் கதைக்குப் போகாதீர்கள். கதை பின்னால் வரும். முதலில் மேலே இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். சம்பவம் நடந்த நாளும் நேரமும் ஒரு கட்டத்தில். ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் இன்னொன்றில். சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று ஒரு கட்டம். புகார் தர ஏன் தாமதம் என்று ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கடைசியில், அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நாளும் நேரமும். இப்போது ஒரு தாளில் அந்த நேரங்களையும் தூரத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, சம்பவம் முதல் நாள் இரவு 9 மணி. ஸ்டேஷன் 2 கிலோமீட்டர். புகார் பதிவானது மறுநாள் மாலை 6 மணி. தாமதக் காரணம் என்ற கட்டம் காலி. இடையில் அந்த 21 மணி நேரம் என்ன நடந்தது? புகார்தாரர் பயந்துகொண்டு வீட்டில் இருந்தாரா, ஸ்டேஷன் வாசலில் உட்காரவைக்கப்பட்டாரா, வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்களா, ஊர்ப் பெரிய மனிதர்கள் சமாதானம் பேசினார்களா? அங்கேதான் செய்தி இருக்கிறது. போனில் சொன்னவர் அந்த 21 மணி நேரத்தைப் பற்றி மூச்சுவிட்டிருக்க மாட்டார்.

இதே கண்ணோடு ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஒரு பட்டா, ஓர் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, தணிக்கைத் துறைத் தலைவரின் ஓர் அறிக்கை, ஒரு தீர்ப்பு என்று படிக்கப் பழகினால் மூன்று ஆண்டு போதாது. இதற்கெல்லாம் ஸ்டுடியோ வேண்டாம். ஒரு நீண்ட மேசையும் வக்கீல், தாசில்தார், தடயவியல் மருத்துவர் என்று மாதம் ஒருவரை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைக்கும் ஏற்பாடும் போதும்.

இரண்டாவது, வாக்கியம். தமிழ்ச் செய்தியில் சில வாக்கியங்கள் தயாராகவே இருக்கின்றன; நிருபர் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுகிறார். ‘இரு தரப்பினரிடையே ஏற்பட்ட மோதலில் பல வீடுகள் தீக்கிரையாயின. அப்பகுதியில் பதற்றம் நிலவுவதால் போலீஸ் குவிக்கப்பட்டுள்ளது.’ இதைப் படித்தவருக்கு என்ன தெரிந்தது? யார் வீட்டை யார் கொளுத்தினார்கள்? இரண்டு பக்கத்திலும் வீடு எரிந்ததா, ஒரு தெருவில் மட்டுமா? எரிந்த தெருவின் பெயர் என்ன? போலீஸ் எந்தத் தெருவில் நிற்கிறது? ஒரு தரப்பு அடித்து, மறு தரப்பு அடிபட்டிருந்தாலும் ‘மோதல்’ என்று எழுதிவிடலாம். எழுதுகிறவருக்குப் பாதுகாப்பு, பத்திரிகைக்கும் பாதுகாப்பு. அடிபட்டவருக்குத்தான் எதுவுமில்லை. இந்த வாக்கியத்தைத் திருத்த இலக்கணம் உதவாது. எழுவாய் வேண்டுமென்றால் அந்தத் தெருவுக்குப் போய் வீடுகளை எண்ணியாக வேண்டும். மாணவர்களின் காப்பியைத் திருத்தும் பேராசிரியர்கள் ஒற்றுப்பிழையைக் குறிப்பதற்கு முன்பு, எழுவாய் இல்லாத வாக்கியங்களுக்குக் கீழே கோடு போட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன். ஒற்றையும் கவனியுங்கள், அது வேறு.

மூன்றாவது, சட்டம். அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. பத்து மதிப்பெண் வினாவாக இருக்கிறது என்பதுதான் வருத்தம். தமிழ்நாட்டில் படிக்கும் மாணவருக்கு இந்தப் பாடத்தைக் கதையாகச் சொல்லவே போதிய வழக்குகள் உண்டு. 1987இல் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அவையின் உரிமை மீறல் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் விளக்கும்?

இன்னொன்று, ஆட்டோ சங்கர் வழக்கு. மரண தண்டனைக் கைதியாக இருந்த அவர் சிறையிலேயே எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடப்போவதாக அறிவித்தது. சில அதிகாரிகளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அதில் வெளிவரும் என்று பேச்சு. சிறைத்துறைத் தலைவர் வெளியிடக் கூடாது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு இந்தியப் பத்திரிகைச் சட்டத்தின் மூலைக்கற்களில் ஒன்று. ஒருவரின் அந்தரங்க வாழ்வை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது. ஆனால் பொது ஆவணங்களில், நீதிமன்ற ஆவணங்கள் உட்பட, பதிவானதை எழுதலாம். அரசு அதிகாரி தம் பணி தொடர்பாக எழுதப்பட்டதற்கு இழப்பீடு கேட்க முடியாது, உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் பொய் எழுதியதாக நிரூபித்தால் தவிர. அவதூறு வரும் என்ற பயத்தில் அரசு முன்கூட்டியே தடை போட முடியாது. அந்தத் தீர்ப்பு ஒன்றும் நீளமானதல்ல. ஒரு மாலையில் படித்துவிடலாம். ஒரு முறை படித்தவர், ‘இதைப் போட்டால் கேஸ் போடுவோம்’ என்று யாராவது போனில் மிரட்டும்போது குரல் நடுங்காமல் பேசுவார்.

சட்டம் தரும் தைரியம் அது. சட்டம் போடும் கட்டும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. குழந்தை என்றால் 2012 போக்சோ சட்டம் இன்னும் கடுமையாகத் தடுக்கிறது. ‘அதிகாரியே சொன்னார், அதனால் போட்டோம்’ என்ற சமாதானம் செல்லாது. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர் அரசாணையிலேயே இடம்பெற்றது. பெயர் வெளியானதற்கு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அன்று அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டும் அச்சிடாத டெஸ்க்குகள் இருந்தன. அந்தக் கட்டுப்பாடு ஒரு நொடியில் வந்துவிடுவதில்லை. முன்பே பழகியிருக்க வேண்டும்.

இனி, நிருபரிடம் இல்லாமல் மாணவரிடம் மட்டும் இருக்கும் ஒரு சொத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது நேரம். உங்கள் கையில் அவசரம் இல்லாத மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இனி வேலைக்காலம் முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. மனு எழுத ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 நாள், மிஞ்சினால் 45. எந்தச் செய்தி அறையிலாவது நிருபர் ஒருவர் ‘75 நாள் கழித்து ஒரு செய்தி தருகிறேன்’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் சிரிப்பார்கள். ஒரு செமஸ்டரில் உங்களால் முடியும். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலியாக இருப்பது எப்போதிலிருந்து என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். ‘சுகாதாரத் துறையின் செயல்பாடு குறித்த விவரங்கள் தருக’ என்று கேட்டால் ‘தங்கள் கேள்வி தெளிவாக இல்லை’ என்று பதில் வரும், அதுவும் 30ஆவது நாளில். எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று கற்றுக்கொள்வதே பாதி இதழியல்.

கிராம சபையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து மூன்றாண்டும் போனால் 18 கூட்டம். முதல் கூட்டத்தில் உங்களை யாரோ ஆபீசர் என்று நினைத்துச் சேர் போடுவார்கள். இரண்டாவதில் ‘எந்தக் கட்சி?’ என்பார்கள். நாலைந்து கூட்டத்துக்குப் பிறகு யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்; அப்போதுதான் நீங்கள் பார்க்க ஆரம்பிக்கிறீர்கள். தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசிய பெண் அடுத்த கூட்டத்தில் ஏன் வரவில்லை, நூறு நாள் வேலை அட்டை பற்றிக் கேட்டவர் ஏன் பின்வரிசைக்குப் போனார், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து யாரிடம் கூட்டத்துக்கு முன்பே வாங்கப்பட்டது என்பதெல்லாம் 18 கூட்டம் பார்த்தவருக்குத்தான் தெரியும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொண்ணூறுகளில் ராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் போய் எழுதியதை எல்லோரும் பாராட்டுகிறோம். அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. மற்றவர்கள் ஜீப்பில் வந்து போன ஊர்களில் அவர் தங்கினார்.

விடாமல் தொடர்வது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டம் அரூர் அருகே இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போக 1995 ஆனது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29இல். ஆக 31 ஆண்டுகள். இந்த 31 ஆண்டுகளில் எத்தனை வாய்தாக்கள் நடந்திருக்கும், எத்தனை நாள் அந்தப் பெண்கள் பஸ் ஏறி அரூருக்கும் தருமபுரிக்கும் போயிருப்பார்கள்! பத்திரிகைக்காரர்களான நாம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் அங்கே இருந்தோம்: செய்தி வெடித்த நாள், தீர்ப்பு வந்த நாள். நடுவில் அந்த வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரிகளும் வழக்கறிஞர்களும்தான். பத்திரிகைகளில் சிலர் விடாமல் எழுதினார்கள். அவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஒன்றாவது உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி வரும். போய் உட்காருங்கள். ஒரு சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறுவதைப் பார்ப்பது ஒரு பருவம் முழுக்கக் கேட்கும் விரிவுரைக்குச் சமம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே அதன் நடுவில் வாழ்கிறீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் அப்போது வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்துபோனார். 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லப்படுவதாக வீடியோக்கள் பரவி, ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. அந்த வீடியோக்களில் சில வேறு மாநிலத்தவை, சில வேறு காலத்தவை. பிகார் சட்டசபை வரை போன அந்தப் பொய்யைப் பிரிக்கத் தேவைப்பட்டது என்ன? கடைப் பலகையில் எந்த எழுத்து இருக்கிறது, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம், அதே படம் முன்பு எப்போது வெளிவந்தது என்று பார்க்கும் கண். கற்பிக்கக்கூடிய திறமைதான். எந்த எடிட்டிங் மென்பொருளை விடவும் இதற்கு ஆயுள் அதிகம்.

வேலை வாய்ப்பு பற்றிப் பேசாமல் போனால் பெற்றோர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென 1955இல் தனிச் சட்டம் வந்தது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை 2011இல் அறிவிக்கப்பட்டு, 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது. நடைமுறையில் புதிதாக வருபவர்களுக்கு ஒப்பந்த வேலைதான். தாலுகா அளவில் நிலைமை இன்னும் மோசம். பகுதிநேர நிருபர் என்று ஒரு அட்டை கொடுப்பார்கள்; சம்பளம் செய்திக்கு இவ்வளவு, சில இடங்களில் அதுவும் கிடையாது. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். யாருடைய விளம்பரத்தைப் பிடித்தாரோ அவரைப் பற்றியே அடுத்த மாதம் எழுத வேண்டிய சங்கடமும் அவருக்குத்தான். பிரஸ்மீட் முடிந்ததும் கையில் திணிக்கப்படும் கவர் இந்த வறுமையிலிருந்துதான் பிறக்கிறது. அதை வாங்குபவரை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நீங்கள் வாங்காதீர்கள். ஒரு முறை வாங்கினால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், உங்கள் விலை என்னவென்று.

டெஸ்க் வேலைகளில் ஒரு பகுதி போய்க்கொண்டிருக்கிறது. ஏஜென்சிச் செய்தியைத் தமிழாக்குவது, சுருக்குவது, தலைப்புப் போடுவது ஆகியவற்றை இயந்திரம் சுமாராகவே செய்தாலும் நிறுவனங்களுக்கு அது போதும் என்று ஆகிவிட்டது. பாரதி உட்கார்ந்த அதே நாற்காலிக்குத்தான் முதலில் ஆபத்து வந்திருக்கிறது. பட்டதாரிகள் முதல் வேலையாக எதில் நுழைவார்களோ அந்த வாசல் குறுகுகிறது. மிஞ்சுவது, போய்ப் பார்ப்பதும் ஆவணம் எடுப்பதும் ஆளைப் பேசவைப்பதும்.

எனவே என் யோசனை, துறைத் தலைவர் பொறுத்தருள வேண்டும்: இளநிலையில் வேறொரு பாடம் படித்துவிட்டு இதழியலுக்கு வாருங்கள். பொருளியல், வேளாண்மை, சட்டம், புள்ளியியல், எதுவானாலும் சரி. ஏற்கெனவே இதழியல் இளநிலையில் சேர்ந்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். துணைப்பாடமாக ஒன்றை எடுத்து அதில் ஆழமாக இறங்குங்கள். நெல் கொள்முதல் எப்படி நடக்கிறது, ஈரப்பதம் எவ்வளவு இருந்தால் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று தெரிந்த நிருபர் தஞ்சாவூரில் வேலையில்லாமல் இருக்க மாட்டார். ஆங்கிலம் வேண்டும், தீர்ப்புகளும் அறிக்கைகளும் அதில்தான் வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டப் பழகுங்கள். சின்ன விஷயம், ஆனால் முதல் வாரத்திலேயே டெஸ்க்கில் மதிப்பு வரும். விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு எந்தத் துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம். அந்த வாசலில் நுழைந்து பெயர் பெற்றவர்களில் பொறியியல் படித்தவர்களும் உண்டு.

இத்துறைக்கு யார் யார் வருகிறார்கள் என்பதும் எனக்குக் கவலைதான். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். தமிழ் இதழியல் வரலாற்றை மிதவாதி, தீவிரவாதி என்று மட்டும் எழுதும் பாடநூல்கள் இவர்களை அடிக்குறிப்பில் தள்ளுகின்றன. நூறு ஆண்டுக்கு மேலாகியும் பெரிய செய்தி அறைகளின் முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ‘இரு தரப்பு மோதல்’ என்ற வாக்கியம் ஏன் இவ்வளவு காலம் நீடிக்கிறது என்று புரியும். கிராமத்திலிருந்து வந்து, ஆங்கிலம் தடுமாறி, வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் மாணவி ஒருத்திக்கு அந்தத் தெரு ஏற்கெனவே தெரியும். அவளுக்கு வேண்டியது ஆவணத்தைப் படிக்கும் பயிற்சியும் துணைக்கு நிற்கும் ஒரு பேராசிரியரும்தான். அவளைக் கேமரா முன் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துவதிலேயே மூன்றாண்டும் போய்விடக் கூடாது.

கடைசியாக, அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, பேசவைத்து அனுப்புகிறீர்கள். அதை நிறுத்த வேண்டாம்; என்னைப் போன்றவர்களுக்கும் போக இடம் வேண்டும். கூடவே, வட்டித் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, முதலாம் ஆண்டு மாணவர்களில் நால்வருக்கு ஆளுக்கு ஓர் ஊரும் ஒரு வழக்கும் கொடுங்கள். மூன்றாண்டுப் பஸ் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, மனுச் செலவு அவ்வளவுதான் ஆகும். மூன்றாம் ஆண்டில் அவர்கள் எழுதுவதைப் புத்தகமாகப் போடுங்கள். சொற்பொழிவுக்குப் பதில் அந்த ஆண்டு அவர்களே மேடையேறட்டும். எனக்கென்று வைத்திருக்கும் மதிப்பூதிய உறையைத் துறை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறேன். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்க அதை முதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீது மட்டும் வேண்டும்.